மாதிரி இருக்கா?

“இல்லேன்னு உன்னால அடிச்சுச் சொல்ல முடியுமா கண்ணு?”

மாமா இதைக் கேட்டது 2020 பிப்ரவரி மாதக் கடைசியில். குடியாத்தத்துக்குப் பக்கத்தில் அவருடைய கொல்லையில், புளியமரத்துக்கும் இடிந்த கல்மண்டபத்துக்கும் நடுவே நாலடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டியிருந்தார். குழியின் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம். கரையில் மஞ்சள், குங்குமம், காய்ந்துபோன சாமந்தி. வேட்டியை மடித்துக் கட்டியபடி என்னைப் பார்த்து நின்றார். குரலில் கோபம் இல்லை, கிட்டத்தட்ட கெஞ்சினார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மண்ணுக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்று நான் எதை வைத்துச் சொல்வது? பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டேன். அன்று பதில் சொல்லாமல் வந்தது இத்தனை வருடமாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இப்போதும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது, வேறொருவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் புரிந்திருக்கிறது.

நடந்தது இதுதான். ஒரு ஆள் வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். வெற்றிலையில் மை தடவிப் பார்த்தேன், இங்கே ஏழு செப்புக் குடம் இருக்கிறது, பாளையக்காரர் காலத்துச் சொத்து, பூதம் காவல் நிற்கிறது, முறையாகப் பூசை போட்டால் வழிவிடும் என்றிருக்கிறான். ஆதாரத்துக்கு ஒரு செப்புத் தகட்டையும் கொடுத்திருக்கிறான். பூசைச் சாமான், ஆடு, அவனோடு வந்தவர்களுக்குத் தட்சணை என்று மூன்று மாதத்தில் 85 ஆயிரம் ரூபாய் போயிருந்தது. அத்தையின் இரண்டு வளையல் அடகுக் கடையில் இருந்தது. மாமா படிக்காதவர் இல்லை. பழைய எஸ்.எஸ்.எல்.சி., நிலத்துப் பத்திரத்தை வரிக்கு வரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. புதையல் பேச்சில் விழுகிறவர்களை எல்லாரும் பேராசைக்காரர் என்றோ ஏமாளி என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் மாமா இரண்டும் இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து கடலை பொய்த்தது, பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போனது. மேலே எதுவும் கைகொடுக்காதபோது மண்ணுக்குக் கீழே இருக்கிறது என்று ஒருவன் வந்து சொன்னான்.

அந்த வாரம் பார்த்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பிப்ரவரி 26-ஆம் தேதி திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலில், அகிலாண்டேஸ்வரி சன்னிதிப் பக்கம் மண்ணைத் தோண்டியபோது ஏழடி ஆழத்தில் ஒரு செம்பு அகப்பட்டது. உள்ளே 505 தங்கக் காசுகள், மொத்த எடை 1 கிலோ 716 கிராம். மாமா அந்தப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். யார் என்ன சொன்னாலும் அதை எடுத்துக் காட்டுவார். “இது பொய்யா? கவர்மென்ட்டே எண்ணி வச்சிருக்கான்.” அது பொய்யே இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம். புதையல் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று சொல்ல முடிந்தால் வேலை எளிது. இருக்கிறது. கிடைக்கிறது. நம் ஊரிலேயே கிடைக்கிறது.

சாமியார் கண்ட கனவு

எனக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2013 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் கங்கைக் கரையில் இருக்கும் டவுண்டியா கேரா என்ற கிராமத்தை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. ஷோபன் சர்க்கார் என்ற சாமியார், 1857 எழுச்சியில் பிரிட்டிஷாரை எதிர்த்துத் தூக்கில் ஏறிய ராவ் ராம் பக்ஸ் சிங் தன் கனவில் வந்ததாகச் சொன்னார். இடிந்த கோட்டைக்கு அடியில் 1,000 டன் தங்கம் புதைந்திருக்கிறது, நாட்டுக்காக அதை வெளியே எடுக்க வேண்டும் என்று ராஜா சொன்னாராம். சாமியாரின் வார்த்தையை மதித்து ஒரு மத்திய இணையமைச்சர் ஊருக்கே வந்து பார்த்தார். புவியியல் ஆய்வுத் துறை கருவிகளைக் கொண்டுவந்து அளந்தது. அக்டோபர் 18-ஆம் தேதி தொல்லியல் துறை மண்வெட்டியை எடுத்தது.

நான் அதை நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆகஸ்டில்தான் டாலருக்கு எதிராக ரூபாய் 68-ஐத் தாண்டிச் சரிந்திருந்தது. தங்க இறக்குமதியால் அந்நியச் செலாவணி கரைகிறது என்று அரசாங்கம் இறக்குமதி வரியை 10 சதவீதமாக ஏற்றியிருந்தது. தங்கம் வாங்குவதால் நாடு நொடிந்துபோகிறது என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நம் மண்ணிலேயே 1,000 டன் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் காது நீளாது? கொல்லையில் மாமாவின் நிலைமையும் அன்றைக்கு நாட்டின் நிலைமையும் வேறு வேறாக எனக்குத் தோன்றவில்லை.

என் அப்பா டிவியை அணைக்கச் சொல்லவில்லை. பழைய டைரி ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டார். அப்பா கோலார் தங்கவயலில், கல்லில் எவ்வளவு தங்கம் என்று பரிசோதிக்கிற அசே ஆபீஸில் இருபத்தாறு வருடம் இருந்தவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியதும் எங்கள் குடும்பம் லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு குடியாத்தம் வந்தது. “கோலார்ல வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து 120 வருஷம் தோண்டினோம். மூணு கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழ போனோம். எத்தனை பேரு பாறை வெடிச்சுச் செத்தான். எல்லாம் சேர்த்து எடுத்தது 800 டன் சொச்சம்” என்றார். அப்புறம் அடுத்த வரி எழுதினார். ரிசர்வ் வங்கியிடம் அப்போது இருந்த மொத்தத் தங்கமே 557.75 டன். ஒரு தாலுகா அளவு நிலம் வைத்திருந்த ராஜாவிடம் அதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எங்கிருந்து வந்தது? வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு மாட்டு வண்டிக்கு ஒரு டன் ஏற்றினால் ஆயிரம் வண்டி. பிரிட்டிஷ் படை சுற்றித் திரிந்த நேரத்தில் ஆயிரம் வண்டித் தங்கத்தை ஒருவர் கண்ணிலும் படாமல் ஒரு கோட்டைக்குள் இறக்கிப் புதைத்தார்களா?

தங்கத்தின் விசித்திரம் ஒன்று உண்டு, அதையும் அப்பாதான் போட்டுக் காட்டினார். 1,000 டன் தங்கத்தை உருக்கி வார்த்தால் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி, உயரமும் ஏறத்தாழ அவ்வளவு. ஒரு அறைக்குள் அடங்கிவிடும். அதனால்தான் கேட்கிறவர்கள் மனதில் அது எளிதாக உட்கார்ந்துவிடுகிறது. ஒரு அறை அளவு தங்கம் ஒரு கோட்டைக்கு அடியில் இருக்கக்கூடாதா என்று தோன்றிவிடும். எடையை நினைத்தால்தான் சந்தேகமே வரும்.

ஆனால் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் சாமியார் மீது இல்லை. கனவு யாருக்கும் வரலாம். கனவை நம்பித் தோண்டவில்லை, புவியியல் ஆய்வுத் துறையின் அறிக்கையை வைத்துத்தான் தோண்டுகிறோம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்களே, அதுதான் என்னால் தாங்க முடியாதது. அந்தக் கருவிகள் தங்கம் என்று பெயர் சொல்லாது. மண்ணின் மின்தடை, காந்தப்புலம் இப்படி எதையாவது அளந்து, இந்த இடம் சுற்றியிருக்கிற மண்ணைவிட வேறு மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். புதைந்த செங்கல் சுவர் வேறு மாதிரி இருக்கும். ஈரக் களிமண் வேறு மாதிரி இருக்கும். பழைய கோட்டைக்கு அடியில் எதுவுமே வேறு மாதிரி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கனவில்லாமல் அந்தக் கருவி அந்த ஊருக்கு வந்திருக்குமா? கருவியைப் பார்த்த பிறகு கனவை யாராவது சந்தேகப்பட்டார்களா? இப்படி ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்லிக்கொண்டன. ஊரில் டீக்கடையும் பலகாரக் கடையும் முளைத்தன. டிவி வண்டிகள் வரிசை கட்டின. ராஜாவின் வாரிசு என்று சிலர் பங்கு கேட்டார்கள். தோண்டல் நடந்துகொண்டிருந்தபோதே, பக்கத்து ஃபதேபூர் மாவட்டத்து ஆதம்பூரில் 2,500 டன் இருக்கிறது என்ற பேச்சும் சாமியார் தரப்பிலிருந்து வந்துவிட்டது.

ஒரு மாதம் தோண்டினார்கள். சுவர்த் துண்டு, பானை ஓடு, கண்ணாடி வளையல், இரும்பு ஆணி. தங்கம் ஒரு குண்டுமணி இல்லை. நவம்பரில் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மணி தங்கம்

அப்பா செய்த வேலையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் மாமாவின் கொல்லையில் அவர் கேட்ட கேள்வியின் கனம் தெரியாது. சுரங்கத்துக்குள்ளிருந்து பரிசோதனைக்குக் கல் மாதிரிகள் வரும். எந்த இடம், எந்த மட்டம் என்று சீட்டுக் கட்டிய சின்னப் பைகள். அதை முகப்பவுடர் போல அரைப்பார்கள். அதில் ஏறக்குறைய 30 கிராம் எடுத்து, ஈய ஆக்சைடு, வெண்காரம், சோடா, கொஞ்சம் கோதுமை மாவு எல்லாம் கலந்து மூசை என்ற உருக்குக் கிண்ணத்தில் போட்டு உலையில் வைப்பார்கள். உருகும்போது ஈயம் சொட்டுச் சொட்டாக இறங்கும், இறங்கும்போதே கல்லில் இருக்கிற தங்கத்தையும் வெள்ளியையும் கூட்டிக்கொண்டு அடியில் சேரும். ஆறியதும் உடைத்தால் அடியில் ஒரு ஈய உருண்டை. அதை எலும்புச் சாம்பலால் செய்த குட்டிக் கிண்ணத்தில் வைத்து மறுபடி உலைக்குள் விட்டால், ஈயத்தைச் சாம்பல் குடித்துவிடும். கடைசி நொடியில் கிண்ணத்துக்குள் ஒரு மினுக்கு அடிக்கும் என்பார் அப்பா. அதோடு ஈயம் முடிந்தது. மிஞ்சுவது ஒரு மணி. அதைத் திராவகத்தில் போட்டு வெள்ளியைக் கரைத்தால் தங்கம் மட்டும் நிற்கும். சுரங்கத்தின் கடைசி வருடங்களில் டன் கல்லுக்கு 3 கிராம் அளவில்தான் தங்கம் இருந்தது. அப்படியானால் 30 கிராம் மாதிரியில் கிடைக்கிற மணி கசகசாவைவிடச் சின்னது. மூச்சு விட்டால் பறந்துவிடும். அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தராசில் நிறுத்து எழுதின பிறகுதான், அந்த இடத்தில் மேற்கொண்டு ஒரு கல்லை உடைக்கலாமா வேண்டாமா என்று மேலே இருக்கிறவர்கள் முடிவெடுப்பார்கள்.

திருவானைக்காவல் காசுகள் கிடைப்பதற்கு நாலு நாள் முன்னால், அதே பிப்ரவரியில், இன்னொரு செய்தி ஓடியது ஞாபகம் இருக்கும். உத்தரப் பிரதேசத்து சோன்பத்ரா மாவட்டத்தில் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. மாமாவும் எனக்கு அனுப்பினார். 22-ஆம் தேதி புவியியல் ஆய்வுத் துறையே மறுத்தது: அங்கே கணக்கிட்டது ஏறத்தாழ 52,806 டன் தாதுக்கல், டன்னுக்கு 3.03 கிராம் தங்கம். அப்பா பேப்பர் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தார். 160 கிலோ. “இதுவே பெருசு. பாவம், இதை யாரும் கொண்டாட மாட்டான்” என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. டன்னுக்கு மூன்று கிராமுக்காக ஆயுசைக் கொடுத்த மனிதர் அவர்.

கொல்லையில் அப்பா

மாமாவிடம் நான் வாயடைத்துத் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஆளும் வந்திருந்தான். நாற்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. அப்பாவை ஐயா, ஐயா என்றுதான் கூப்பிட்டான். மாமா உள்ளே போய் மஞ்சள் துணியில் சுற்றிய செப்புத் தகட்டை எடுத்துவந்து அப்பா கையில் கொடுத்தார். “பாருங்க மாப்பிள்ளை, நீங்க உலோகத்துல இருந்தவரு.”

உள்ளங்கை அகலத் தகடு. முழுக்கப் பச்சைக் களிம்பு. அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார், எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் ஒரு மூலையைத் தேய்த்தார். பச்சை மாவு மாவாக விரலோடு வந்துவிட்டது. அடியில் புதுச் செம்பு, சிவப்பாக, வழவழவென்று. நூற்றுக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்த செம்பில் களிம்பு அப்படி வராது, உலோகத்தை அரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், சுரண்டினால் அடியில் குழி குழியாகத் தெரியும் என்று அப்பா பின்னால் எனக்குச் சொன்னார். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. தகட்டை என்னிடம் நீட்டினார். நான் எழுத்தைப் பார்த்தேன். பாதி ஏதோ கோடும் வட்டமும். நடுவில் ‘மலை’ என்ற சொல் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்ததும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ‘லை’ இன்றைக்கு நாம் எழுதுகிற ‘லை’. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் பரவின வடிவம். அதற்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி மேலே கொக்கி வளைத்துத்தான் போடுவார்கள். மாமா பள்ளிக்கூடத்தில் படித்ததே துதிக்கை ‘லை’தான், இப்போதும் மளிகைச் சீட்டில் அப்படித்தான் எழுதுவார். மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

“அசல் தகடு குருநாதர்கிட்ட இருக்குங்க. இது படி எடுத்தது” என்றான் அந்த ஆள், ஒரு நொடிகூடத் தயங்காமல். மாமா பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு.

அப்போது அப்பா கேட்டார். “சரி தம்பி. மாதிரி இருக்கா?” அவனுக்குப் புரியவில்லை. அப்பா பொறுமையாகச் சொன்னார். “ஏழு குடம்னு சொல்றே. எந்த இடம், எத்தனை அடின்னு உனக்குத் தெரியுது. ஒரு கம்பியை இறக்கு. ஒரே ஒரு காசு, இல்ல குடத்தோட ஒரு சில்லு, எதையாவது எடுத்துக் குடு. நான் பரிசோதனை பண்ணித் தரேன். மாதிரி பார்க்காம நாங்க ஒரு அடிகூட வெட்டினது இல்ல.” ரொம்ப மரியாதையாகக் கேட்டார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் கேட்பதுபோல.

பூசை முடியாமல் தொட்டால் பூதம் விடாது, ஆள் சேதம் வரும், தவிர, அவநம்பிக்கையாக யாராவது பக்கத்தில் நின்றாலே புதையல் இடம் மாறிவிடும் என்றான். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தான். அன்று மாலை கிளம்பிப் போனவன் அப்புறம் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

இடம் மாறும் புதையல்

இதோடு மாமா தெளிந்துவிட்டார் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். அவர் ஒரு வருடம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னாராம்: “மாப்பிள்ளை வந்து கேட்டாரு, அதுல நகர்ந்துடுச்சு.” அவன் போட்ட பொய்யில் கெட்டிக்காரத்தனமான பொய் இதுதான். தகடு பொய்யானால் அசல் வேறெங்கோ இருக்கிறது. குழியில் ஒன்றும் இல்லையென்றால் புதையல் நகர்ந்துவிட்டது. தோற்கிற வழியை எல்லாம் முன்கூட்டியே அடைத்துவைத்துவிட்டுத்தான் அவன் வந்தான். அதனால்தான் ‘இல்லேன்னு சொல்ல முடியுமா’ என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாதபடிதான் அது கட்டப்பட்டிருந்தது. இருக்கிறது என்றவன் காட்ட வேண்டியதை, இல்லை என்று நான் காட்ட வேண்டியதாக மாற்றிவிட்டான். நானும் அதை ஏற்றுக்கொண்டு நின்றேன்.

டவுண்டியா கேராவைப் பற்றி மாமாவிடம் எடுத்துச் சொன்னபோதும் இதுவே நடந்தது. “ஒண்ணும் கிடைக்கலேன்னு சொல்றான். எடுத்து எங்கே கொண்டுபோனானோ” என்றார். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலைப் பற்றியும் இப்படித்தான். உச்ச நீதிமன்ற உத்தரவில் 2011-இல் நிலவறைகளைத் திறந்தபோது உண்மையாகவே பெரிய செல்வம் இருந்தது. ஆனால் ஊர் பேசுவது அப்போது திறக்காமல் விட்ட ‘பி’ அறையைப் பற்றித்தான். கண்ணால் பார்த்துப் பட்டியல் போட்டதைவிட, பூட்டிக் கிடக்கிறதுதான் பேச்சில் பெருகிக்கொண்டே போகிறது.

நிஜமாகக் கிடைத்த புதையல்களைத் தேடித் தேடிப் படித்தேன், மாமாவுக்குச் சொல்ல ஏதாவது அகப்படுமா என்று. இங்கிலாந்தில் ஹாக்ஸ்னி என்ற ஊரில் 1992 நவம்பரில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேட எரிக் லாஸ் என்ற நண்பர் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு வந்தார். கிடைத்தது ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியுமாகப் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட காசுகள். கொஞ்சம் பார்த்ததுமே தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பினார். அடுத்த நாள் தொல்லியலாளர்கள் வந்து எடுத்தார்கள். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. திருவானைக்காவலிலும் யாருக்கும் கனவு வரவில்லை. முதலில் செம்பு வந்தது. எண்ணினார்கள், எடை போட்டார்கள், அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். யார் புதைத்தது, எந்தக் காலம் என்ற கதையெல்லாம் அப்புறம்தான். மாமாவின் கொல்லையில் கதை முழுதாக இருந்தது. ஏழு குடம், பாளையக்காரர், பூதத்தின் பெயர் உட்பட. பொருள் மட்டும் இல்லை.

யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. 1878-ஆம் வருடத்து இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு என்றும் அதே சட்டம் சொல்கிறது. நிலத்துக்காரரான மாமாவுக்கு ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. ரகசியம் அவனுக்குத்தான் தேவைப்பட்டது.

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டவுண்டியா கேராவில் கிடைத்த பானை ஓட்டையும் வளையலையும் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்றுதான் எழுதினார்கள். அங்கே வாழ்ந்த மனிதர்களின் வீடும் அடுப்பும் ஒன்றுமில்லையாகிவிட்டது. அதற்கு அடுத்த வருடங்களில் கீழடியில் அதே மாதிரி பானை ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழுவி, எண் போட்டு, கீறலைப் படித்துத்தானே நம் கதை நமக்குத் தெரிந்தது? தங்கம் தேடுகிறவன் முதுமக்கள் தாழியை உடைத்துப் பார்த்து எலும்பைத் தூக்கி எறிகிறான், கற்திட்டையைப் புரட்டுகிறான், நடுகல்லைச் சாய்க்கிறான். மாமாவின் மண்டபத்தில்கூட ஒரு தூணின் அடியைப் பெயர்த்திருந்தார்கள். அந்தத் தூணில் பிள்ளையாகச் சாய்ந்து உட்கார்ந்து புளியங்காய் தின்றிருக்கிறேன். அது இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

ஒன்பதரை

அப்பா 2022-இல் போய்விட்டார். மாமா வந்திருந்தார், கடைசி வரை இருந்தார், என் தம்பிக்குத் துணையாக எல்லாக் காரியத்தையும் முன்னின்று செய்தார். புதையல் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கவில்லையே தவிர, குழியை அவர் மூடவும் இல்லை. இந்தப் பொங்கலுக்குப் போனபோது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வருஷத்துக்கு ரெண்டு அடி இறங்குது கண்ணு, ஆள் வைக்கிறதில்ல, தானே இறங்கி வெட்டுறாரு” என்றார். அறுபத்தெட்டு வயது.

மாட்டுப் பொங்கல் மத்தியானம் நானும் அவரும் மட்டும் கொல்லைக்குப் போனோம். குழிக்குள் ஏணி இருந்தது. நானும் இறங்கினேன். உள்ளே வெயில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் விழுந்தது. மேலே இரண்டடிக்குக் கருப்பு மண், வேர், உடைந்த ஓடு. அதற்குக் கீழே மொரம்பு, கெட்டியாக, ஒரே நிறத்தில், அடிவரை. தோண்டி மூடின மண் எத்தனை வருடம் ஆனாலும் பழையபடி சேராது, நிறம் கலந்து திட்டுத் திட்டாகத் தெரியும். மனிதக் கை படாத மண்ணைத் தொல்லியல்காரர்கள் கன்னி மண் என்பார்கள், அது வந்தால் தோண்டுவதை நிறுத்திவிடுவார்கள். மாமாவிடம் சுவரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். குடத்தை இங்கே புதைத்தவன் இந்த மொரம்பை உடைக்காமல் எப்படி உள்ளே வைத்திருப்பான் என்று கேட்டேன். அவரும் தொட்டுப் பார்த்தார். விவசாயி, மண் தெரியாதவர் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை.

இல்லை என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அந்தப் பழைய கேள்விக்குள் மறுபடி போய் மாட்டிக்கொள்ளவும் விரும்பவில்லை. அப்பா இருந்திருந்தால் எப்படிக் கேட்டிருப்பாரோ அந்தக் குரலை நினைத்துக்கொண்டு கேட்டேன். “சரி மாமா, நான் இருக்குன்னே வச்சுக்கிறேன். எத்தனை அடி வரைக்கும் வெட்டிப் பார்த்து ஒண்ணும் வரலேன்னா, இங்க இல்லேன்னு நீங்க ஒத்துக்குவீங்க?”

ரொம்ப நேரம் பேசவில்லை. கடப்பாரையை எடுத்து ஓரமாகச் சாத்தி வைத்தார். ஏணியில் இரண்டு படி ஏறி நின்று கீழே பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த ஆளும் சரி, பூதமும் சரி, இந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைச் சொன்னதில்லை.

“பன்னெண்டு” என்றார். “பன்னெண்டு அடி. அதுக்கு மேல வெட்ட மாட்டேன்.”

மேலே வந்ததும் ஒரு கரித்துண்டை எடுத்து மண்டபத்துத் தூணில் 12 என்று எழுதினார். கயிறு கொண்டுவந்து குழிக்குள் விட்டு, முடிச்சுப் போட்டு, வெளியே எடுத்து முழம் போட்டு அளந்தோம். ஒன்பதரை அடி வந்தது.